சக்கையில் எஞ்சுவது என்ன?
ஆவி பிடித்த கஞ்சாத் தூளும் வெண்ணெய்ப் பண்டமும் பற்றிய ஒரு பாடம்

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றின் பொது மண்டபத்தில் போதைப்பொருள் தடுப்பு விளக்கக் கூட்டம் ஒன்றை நடத்திவிட்டுப் புறப்பட இருந்தேன். நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்த இளைஞர் ஒருவர், மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார்.

“ஐயா, என் மாமன் மகன் கனடாவில் படிக்கிறார். அங்கே கஞ்சா சட்டப்படி கடையில் கிடைக்கிறதாம். வேப் கருவியில் போட்டு ஆவி பிடித்த பிறகு தூள் மிஞ்சுகிறது. அதை வெண்ணெயில் சேர்த்துப் பிஸ்கட் செய்கிறார்கள். புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. சத்துப் போன சக்கைதானே ஐயா? தீபாவளிக்கு வரும்போது ஒரு டின் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் என்ன தவறு?”

அதட்டி அனுப்பிவிடுவது எளிது. ஆயினும் கேள்வி நேர்மையானது. “சக்கை” என்னும் ஒரு சொல்லை நம்பியே அந்த டின் கடல் கடந்து வர இருந்தது. ஆகவே, அன்றிரவு மண்டபத்துத் திண்ணையில் அமர்ந்து அவருக்குச் சொன்னவற்றை இம்மாதப் பாடமாக இங்கே விரித்து எழுதுகின்றேன். பெற்றோர்களும் இதனைப் படித்துப் பிள்ளைகளோடு கலந்து பேசுவார்களாக.

செடியில் உள்ள பொருள்

கஞ்சாச் செடியின் பூவிலும் பூவை ஒட்டிய சிற்றிலைகளிலும் பிசுபிசுப்பான ஒருவகைப் பிசின் சுரக்கின்றது. மயக்கத்தை உண்டாக்கும் பொருள் இப்பிசினில் உள்ளது. அதன் பெயர் டெட்ராஹைட்ரோகன்னபினால், சுருக்கமாக டி.எச்.சி. என்பர். 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான ரபாயேல் மெக்கூலம், யெகியேல் காவோனி ஆகிய இருவரும் இதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்து, இதன் அமைப்பை உலகிற்கு அறிவித்தனர்.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பச்சைச் செடியில் இப்பொருள் பெரும்பாலும் அமில வடிவில்தான் இருக்கின்றது. அவ்வமிலம் மயக்கம் தருவதில்லை. வெப்பம் பட்டதும் அமிலத்திலிருந்து கரியமில வாயு பிரிந்து நீங்கி, எஞ்சுவது டி.எச்.சி.யாக மாறுகின்றது. பீடியைப் போல் சுருட்டிக் கொளுத்தும்போது நெருப்பு இம்மாற்றத்தைச் செய்கின்றது. ஆவிக் கருவியில் மின்சூடு அதே வேலையைச் செய்கின்றது.

ஆவி பிடித்தபின் எஞ்சுவது

ஆவிக் கருவி இலையை எரிப்பதில்லை. ஏறத்தாழ 180 முதல் 220 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும். பிசினில் உள்ள பொருளின் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறும். பயன்படுத்துவோர் அவ்வாவியை உறிஞ்சுவர். கருவியின் கிண்ணத்தில், வறுத்த காப்பித் தூளைப் போன்ற பழுப்பு நிறத் தூள் மிஞ்சும்.

இத்தூள் வெறுமையானதன்று. நம் வீட்டுப் பெண்மணிகள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். தேங்காயைத் துருவிப் பிழிந்தால் முதற்பால் வருகின்றது. அதே துருவலில் வெந்நீர் ஊற்றிப் பிழிந்தால் இரண்டாம் பால் வருகின்றது. முதற்பால் எடுத்ததும் துருவலை எறிந்துவிடும் தாய் எவருமில்லை. பால்மரம் வெட்டிய கைகளும் இதனை அறியும். மங்கிலிருந்து பாலை வாளிக்கு ஊற்றிச் சென்ற பிறகும், மங்கின் அடியிலும் வெட்டுக் கோட்டிலும் உறைந்து நிற்பது இரப்பர்தான். கட்டிப்பால் என்று அதனையும் நிறுத்து விலை போட்டார்கள் அல்லவா?

அவ்வாறே, ஆவி பிடித்த தூளிலும் டி.எச்.சி.யின் ஒரு பகுதி தங்கி நிற்கின்றது. எவ்வளவு தங்கும் என்பது செடியின் வீரியம், சூட்டின் அளவு, சூடேற்றிய நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு பகுதி வெப்பத்தாலும் காற்றாலும் சிதைந்து கன்னபினால் என்னும் வேறொரு பொருளாகவும் மாறுகின்றது. மிகுதியாகப் பழுத்த தூளில் குறைவாகவும், இளம்பழுப்புத் தூளில் கூடுதலாகவும் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லலாமேயன்றி, கண்ணால் பார்த்து அளவு சொல்ல எவராலும் இயலாது.

இன்னொன்றும் உண்டு. பச்சை இலையைத் தின்றால் அதிலுள்ளது பெரும்பாலும் மயக்கம் தராத அமிலம். ஆவி பிடித்த தூளிலோ வெப்பம் தன் வேலையை முன்பே முடித்திருக்கின்றது. அதில் எஞ்சியிருப்பது, மேலும் சூடாக்காமலே மயக்கம் தரக்கூடிய நிலையில் உள்ள டி.எச்.சி. எனவே, சக்கை என்ற சொல் இங்குப் பொருந்தாது.

வெண்ணெய் எதற்கு?

டி.எச்.சி. தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகின்றது. எண்ணெயில் கறிவேப்பிலையைத் தாளித்தால் இலையை எடுத்து எறிந்த பின்னும் மணம் எண்ணெயில் நிற்கின்றதல்லவா? அதே இயல்பினால் கஞ்சாத் தூளிலுள்ள பொருள் வெண்ணெய்க்குள் சென்றுவிடுகின்றது. அவ்வெண்ணெயைக் கொண்டு செய்த பிஸ்கட்டிலோ கேக்கிலோ தூளின் அடையாளமே தெரியாது.

ஆனால், வெண்ணெய் அளவு பார்த்துப் பங்கிடும் தராசு அன்று. வீட்டில் செய்யும்போது பொருள் எங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை. ஒரே தட்டில் சுட்டெடுத்த பிஸ்கட்டுகளுள் ஒன்று ஏதும் செய்யாமல் போகலாம்; அடுத்தது ஆளைக் கிடத்திவிடலாம். கனடாவில் கஞ்சா 2018 அக்டோபர் 17ஆம் நாளில் சட்டப்படி விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. உண்பண்டங்களுக்கான விதிகளோ ஓராண்டு கழித்து 2019 அக்டோபர் 17ஆம் நாளில்தான் நடப்புக்கு வந்தன. அவ்விதிகளின்படி ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் இருத்தல் கூடாது. பொட்டலம் குழந்தைகள் திறக்க இயலாததாகவும் கவர்ச்சியற்றதாகவும் இருத்தல் வேண்டும். அனுமதித்த நாடே உண்பண்டத்திற்கு இத்தனை வேலி போட்டிருக்கின்றது. அடுப்படியில் செய்த டின்னுக்கு அவ்வேலிகளுள் ஒன்றுகூட இல்லை.

வாய் வழியே சென்றால்

ஆவியாகவோ புகையாகவோ உறிஞ்சினால் பொருள் நுரையீரலிலிருந்து நேரே இரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் மூளையை அடைகின்றது. உண்டால் வழி வேறு. இரைப்பை, குடல், பிறகு கல்லீரல் என்று சுற்றிச் செல்லுகின்றது. கல்லீரல் அதன் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்னும் பொருளாக மாற்றுகின்றது. இதுவும் மூளைக்குள் சென்று மயக்கம் தர வல்லது.

இச்சுற்று வழியினால் விளைவது என்ன? உண்டபின் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். முழு வேகம் நான்கு மணி நேரம் வரை ஏறிக்கொண்டே போகலாம். மயக்கம் 12 மணி நேரம் வரை நீடிக்கலாம். மந்தம், தடுமாற்றம் முதலிய மிச்சங்கள் 24 மணி நேரம் வரை தொடரலாம். கனடா நாட்டுச் சுகாதாரத் துறை தன் மக்களுக்குச் சொல்லும் கணக்கு இது.

இக்கணக்கை நம் வாழ்வில் வைத்துப் பார்ப்போம். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் தின்கின்றார் என்று கொள்வோம். மறுநாள் காலைப் பெரட்டுக்கு அவர் நிற்கும்போது மயக்கம் முற்றாக நீங்கியிருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அந்நிலையில் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகின்றார், டிராக்டரில் ஏறுகின்றார், நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலையை வெட்டி இறக்குகின்றார். குலை விழும் இடத்தைக் கணித்து ஒதுங்க வேண்டிய நொடியில் அறிவு பின்தங்கினால் விளைவு என்னவாகும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

“ஒன்றும் ஏறவில்லையே!”

உண்பண்டத்தில் நேரும் கேடு பெரும்பாலும் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் தொடங்குகின்றது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1ஆம் நாள் கஞ்சாக் கடைகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் டென்வர் நகரில் 19 வயது மாணவர் ஒருவர் கஞ்சா கலந்த ஒரு பிஸ்கட்டில் சிறு துண்டை மட்டும் தின்றார். கடைக்காரர் அவ்வாறே சொல்லியிருந்தார். அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட நேரம் கடந்தது, ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே, மீதி முழுவதையும் தின்றுவிட்டார். சற்று நேரத்தில் பேச்சுத் தடுமாறியது, சினம் மூண்டது. முதல் துண்டைத் தின்ற மூன்றரை மணி நேரத்திற்குள் நான்காம் மாடியின் முகப்பிலிருந்து குதித்து உயிரிழந்தார். அந்த ஒரு பிஸ்கட்டில் இருந்தது 65 மில்லிகிராம் டி.எச்.சி.; ஒருவேளைக்குரிய அளவாக அங்கே கொள்ளப்பட்டது 10 மில்லிகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015ஆம் ஆண்டில் இந்நிகழ்ச்சியைத் தன் வார அறிக்கையில் வெளியிட்டது.

அளவு அச்சிட்ட கடைப் பண்டத்திற்கே இக்கதி. அளவே தெரியாத டின்னைப் பற்றி என்ன சொல்வது?

டின்னுக்குக் கண் இல்லை

தீபாவளியன்று நம் வீடுகளில் டின்கள் வரிசையாக மேசைமேல் இருக்கும். முறுக்கு ஒன்றில், அச்சு முறுக்கு ஒன்றில், நெய்யுருண்டை ஒன்றில், பிஸ்கட் ஒன்றில். பேரப்பிள்ளைகள் எந்த டின்னையும் திறப்பார்கள். பாட்டி பல்லுக்கு இதமாக ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காப்பியில் நனைப்பார். அண்டை வீட்டு மலாய், சீன நண்பர்களுக்கும் தட்டு நீளும். யார் எடுக்கின்றார் என்று டின் பார்ப்பதில்லை.

அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு 2017ஆம் ஆண்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாப் பண்டம் தின்றதாக வந்த தகவல்கள் 207. 2021ஆம் ஆண்டில் அவை 3,054 ஆயின. பெரும்பாலான குழந்தைகள் தம் வீட்டிலேயே அதனைக் கண்டெடுத்துத் தின்றிருந்தனர். குழந்தையின் உடல் சிறியது, தின்பண்டம் இனிப்பானது, ஒன்றோடு நிறுத்தும் எண்ணம் குழந்தைக்கு இல்லை. அளவு மிகுந்தால் எழுப்ப முடியாத உறக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் ஏற்படலாம்.

சட்டம் என்ன சொல்கின்றது?

மலேசியாவில் நடப்பிலுள்ளது 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். இச்சட்டம் கஞ்சாச் செடியின் பகுதிகளைப் பச்சை, காய்ந்தது, ஆவி பிடித்தது என்று தரம் பிரிப்பதில்லை. டி.எச்.சி. என்னும் பொருளும் அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. ஆகவே, தூளாயினும் வெண்ணெயாயினும் சட்டத்தின் பிடியில் அடங்கும். முக்கியமான விதிகள் வருமாறு:

1. உட்கொள்ளுதல்: 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை.

2. வைத்திருத்தல்: 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

3. 20 கிராம் முதல் 50 கிராமுக்குக் குறைவாக வைத்திருத்தல்: இரண்டு முதல் ஐந்தாண்டு சிறையும், மூன்று முதல் ஒன்பது பிரம்படியும்.

4. 50 கிராமும் அதற்கு மேலும்: ஆயுள் சிறை, அல்லது ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை, அத்துடன் பத்துக்குக் குறையாத பிரம்படி.

5. 200 கிராமும் அதற்கு மேலும்: மாறாக மெய்ப்பிக்கும் வரை கடத்தலாகவே கருதப்படும். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4ஆம் நாள் முதல் நீக்கப்பட்டுள்ளது. எனினும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்றும் உள்ளது. இல்லையேல் ஆயுள் சிறையும் பிரம்படியும்.

இச்சட்டத்தில் இரண்டு குறிப்புகளை இளைஞர்கள் ஊன்றிப் படித்தல் வேண்டும். முதலாவது, “கடத்தல்” என்னும் சொல் விற்பதை மட்டும் குறிப்பதன்று. தயாரித்தல், இறக்குமதி செய்தல், மறைத்தல், கொடுத்தல், பெறுதல், சுமத்தல், அனுப்புதல் யாவும் அதில் அடங்கும். இரண்டாவது, போதைப்பொருள் அடங்கிய ஒரு பொருள் எவர் வசத்தில் இருக்கின்றதோ, அவரே அப்போதைப்பொருளை வைத்திருந்தவர் என்றும், அதன் தன்மையை அறிந்திருந்தவர் என்றும், மாறாக மெய்ப்பிக்கும் வரை கருதப்படுவார். “பிஸ்கட் என்றுதான் நினைத்தேன்” என்று சொன்னால் போதாது. அதனை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு டின்னை ஏந்தியவர் தலையில் விழுகின்றது. அவர் தம்பியாக இருக்கலாம். விமான நிலையத்தில் பையை வாங்கிக்கொண்ட தந்தையாகவும் இருக்கலாம்.

ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்வோர்க்கு மேலும் ஒரு குறிப்பு. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் கஞ்சாவை உட்கொண்டாலும் குற்றமே. டி.எச்.சி. உடலின் கொழுப்பில் தங்கித் தங்கி வெளிவருவதால், அடிக்கடி உட்கொள்வோரின் சிறுநீரில் வாரக்கணக்கில் அதன் தடயம் காணப்படுவதுண்டு.

கேட்கப்படும் மறுமொழிகள்

“இந்தியாவில் பாங்கு கடையிலேயே விற்கின்றார்களே?” ஆம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது பூவையும் காயையும் கொண்ட நுனிகளை. அவற்றோடு சேராத தனி இலை அவ்வரையறைக்குள் வருவதில்லை. இலையைக் கட்டுப்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பு. அஃது அந்நாட்டு விதி. நம் நாட்டுச் சட்டம் இலைக்கு அவ்வாறு விலக்கு அளிக்கவில்லை.

“எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் தடையில்லையே?” 2022 ஜூன் 9ஆம் நாள் அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது மெய்யே. 2025 ஜூன் மாதத்தில் அதே நாடு கஞ்சாப் பூவை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று மீண்டும் கட்டுப்படுத்தியது. ஹாட்யாயில் எந்த விதி இருந்தாலும், புக்கிட் காயு ஹீத்தாம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆள்வது நம் சட்டமே.

“கஞ்சா மருந்து என்கிறார்களே?” 2020 டிசம்பர் 2ஆம் நாள் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் போதைப்பொருள் ஆணையம், 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியது. முதல் அட்டவணையில் அது இன்றும் உள்ளது. அரியவகை வலிப்பு நோய்க்குக் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தை அமெரிக்கா 2018இல் ஏற்றுக்கொண்டது. அம்மருந்து அளவறிந்து ஆய்வகத்தில் செய்யப்பட்டு, மருத்துவரால் கொடுக்கப்படுவது. அதனைக் காட்டி அடுப்படி வெண்ணெயையும் மருந்து என்று கூறுதல் பொருந்தாது.

தவறி உண்டுவிட்டால்

குழந்தை உண்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராதீர். மேலே கூறியவாறு அறிகுறி தாமதித்தே வரும். உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 999 எண்ணை அழையுங்கள். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டா. மிஞ்சிய பண்டத்தையும் டின்னையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். என்ன உண்டது, எப்போது உண்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தாலும் அச்சத்தாலும் உண்மையை மறைத்தால், மருத்துவர் வேறு நோயைத் தேடிக் கொண்டிருப்பார். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்குகின்றது.

பெரியவர் உண்டிருந்தால் அவரைத் தனியே விடாதீர். மாடிக்கும் வாகனத்திற்கும் செல்ல விடாதீர். நெஞ்சு படபடப்பு, கடும் அச்சம், பிதற்றல், மயக்கம் காணின் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழக்கத்திற்கு ஆட்பட்டோர் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தாமாகவே முன்வந்து தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்திடம் சிகிச்சை கோரலாம்.

அந்த இளைஞர் நான் சொன்னவற்றைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “எங்கள் வீட்டில் முதலில் டின்னைத் திறப்பவர் என் தங்கைதான் ஐயா, அவளுக்கு ஆறு வயது” என்றார். கனடாவில் அப்போது காலை நேரம். என் எதிரிலேயே மாமன் மகனுக்குத் தொலைபேசியில் அழைத்தார். “அத்தான், அந்த டின் வேண்டாம். நீங்கள் மட்டும் வந்தால் போதும்” என்று அவர் கூறியது என் காதில் விழுந்தது.

நினைவிற் கொள்க

• ஆவி பிடித்த கஞ்சாத் தூளில் டி.எச்.சி. எஞ்சி நிற்கின்றது, அதன் அளவைக் கண்ணால் அறிய இயலாது.
• உண்ட கஞ்சா தாமதித்துத் தொடங்கும், நெடுநேரம் நீடிக்கும்.
• வெண்ணெய்ப் பண்டத்தை மற்றப் பண்டத்திலிருந்து குழந்தையால் பிரித்தறிய முடியாது.
• தூளும் வெண்ணெயும் நம் நாட்டுச் சட்டத்தில் போதைப்பொருளே, ஏந்தியவரே பொறுப்பாளர்.

பயிற்சி வினாக்கள்

1. பச்சை இலைக்கும் ஆவி பிடித்த தூளுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. “ஒன்றும் ஏறவில்லை” என்று எண்ணி மேலும் உண்பது ஏன் ஆபத்தானது?
3. சட்டத்தில் “கடத்தல்” என்பது எச்செயல்களைக் குறிக்கின்றது? ஐந்தினைக் கூறுக.
4. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து இத்தகைய பண்டம் கொண்டு வருவதாகக் கூறினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? வீட்டாரோடு கலந்து பேசி எழுதுக.